வெண்ணெய்ப் பழத்தின் வகைகளும் அவற்றின் இயல்புகளும்

(நமது சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கியத்திலும் சமயத்திலும் வல்லார் பலர் பேசிய மேடை இது. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இருப்புப் பாதைத் துறையிலே பார்சல் எழுத்தராய் அமர்ந்த எமக்கு அத்துறைகளிற் பேசும் தகுதி இல்லை. ஆயினும் கூடைகளோடு பழகியவர் கூடைக்குள் இருப்பதைப் பற்றிப் பேசலாம் அன்றோ? அந்தத் துணிவினால் இன்று வெண்ணெய்ப் பழத்தைப் பேசுபொருளாக எடுத்துக்கொண்டோம்.

இப்பொருளைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. தேவராஜ மார்க்கெட்டுக்குச் சென்று திரும்பும் நம் தாய்மார்கள், "குடகிலிருந்து வரும் பச்சைக் காய் ஒரு விலை, கறுத்த தோலுடைய சிறிய காய் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு விலை, இரண்டும் ஒரே பழந்தானா, மலிவானது போலியா?" என்று கேட்கின்றனர். குவார்ட்டர்ஸ் சன்னல்கள் தோறும் கண்ணாடித் தம்ளர் நீரிலே, ஈர்க்குச்சி குத்திய கொட்டைகள் வேர் விட்டுக்கொண்டிருக்கின்றன. இவற்றுக்கு மேலாக, சங்கக் கூடத்தின் பின்புறத்தே வரும் மழைக்கு இம்மரங்களை நடுவதென்று நமது செயற்குழு தீர்மானம் நிறைவேற்றியுள்ளது. எந்த வகையை நடுவது என்று மட்டும் அத்தீர்மானம் கூறவில்லை. அதனைக் கூறாமல் குழி வெட்டத் தொடங்கினால் நம்மிற் பலர் அம்மரத்தின் பழத்தைக் காணாமலே மாற்றல் உத்தரவு பெற்றுச் சென்றுவிட நேரும். அது எவ்வாறு என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

முதலிற் பெயர். கன்னடத்தார் இதனைப் பெண்ணெ ஹண்ணு என்பர். நாம் வெண்ணெய்ப் பழம் என்கின்றோம். பழச்சாற்றுக் கடையில் பட்டர் புரூட் என்றால்தான் விளங்கும். ஈழத் தமிழர் ஆனைக்கொய்யா என்னும் அழகிய பெயரை வழங்குகின்றனர். இக்காலத்தில் வழங்கும் அவகாடோ என்பது மெக்சிகோ நாட்டுப் பழங்குடியினரின் நவாட்டில் மொழிச் சொல்லிலிருந்து ஸ்பானியர் வாயிலாகத் திரிந்து வந்தது. கொய்யா என்று சொன்னாலும் இது கொய்யாவுக்கு உறவன்று. நம் அடுக்களையிலுள்ள இலவங்கப்பட்டையும் பிரிஞ்சி இலையும் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தனவோ அந்தக் குடும்பத்து மரம் இது. கற்பூர மரமும் இதற்கு உறவே.

இதன் தாயகம் மெக்சிகோவும் அதனை அடுத்த நடு அமெரிக்க நாடுகளும் ஆகும். அங்கே பன்னூறு தலைமுறைகளாக மூன்று வேறு நிலங்களில் வளர்ந்து, மூன்று குலங்களாக இம்மரம் பிரிந்தது. இம்மூன்றையும் அறிந்துகொண்டால் கடையிலுள்ள எந்தப் பழத்தையும் ஓரளவு அடையாளம் காணலாம். மேசை மீது ஐந்து பழங்களை வைத்துள்ளோம். அவற்றைப் பார்த்தவாறே கேட்க வேண்டுகிறோம்.

முதலாவது மெக்சிகோக் குலம். உயர்ந்த மலைநாட்டுக் குளிரிலே பிறந்தது. பழம் சிறியது, தோல் தாள் போல் மெல்லியது, வழவழப்பானது, சதையில் எண்ணெய் மிகுதி. இலையைக் கசக்கி முகர்ந்தால் சோம்பின் மணம் வீசும். நாம் குழம்பிற் கறிவேப்பிலை இடுவதுபோல, மெக்சிகோவில் சில பகுதியினர் இவ்விலையைச் சமையலில் இடுகின்றனர். குளிரை மிகவும் தாங்குவது இக்குலமே. எனினும் தோலின் மென்மையால் தொலைவழிப் பயணத்திற்கு ஒவ்வாது. கூடையின் அடியில் உள்ள மெல்லிய தோற்பழம் என்ன பாடுபடும் என்பதைப் பார்சல் அலுவலகத்தார் சொல்லக் கேளுங்கள்!

இரண்டாவது குவாத்தமாலாக் குலம். இதன் தோல் தடித்தது, சொரசொரப்பானது. சிலவற்றில் தேங்காய்ச் சிரட்டையின் இளமையை ஒத்திருக்கும். கொட்டை சதையோடு இறுகப் பொருந்தி ஆடாமல் இருக்கும். பூத்த நாள் தொட்டுக் காய் முதிர ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும். ஆகவே மரத்தில் சென்ற ஆண்டுக் காயும் இவ்வாண்டுப் பூவும் ஒருங்கே நிற்கும் காட்சியைக் காணலாம்.

மூன்றாவது மேற்கிந்தியக் குலம். பெயர்தான் மேற்கிந்தியம், பிறந்ததோ நடு அமெரிக்காவின் வெப்பமான தாழ்நிலம் என்பர். பழம் பெரியது, தோல் வழுவழுப்பாய் மெல்லிய பதனிட்ட தோல் போன்றது, சதையில் நீர் மிகுந்து எண்ணெய் குறைந்திருக்கும், சிறிது இனிப்புச் சாயல் உண்டு. முற்றிப் பழுத்த பின் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே கொட்டை குலுங்கும் ஓசை கேட்கும். வெப்பத்தையும், புழுக்கத்தையும், ஓரளவு உவர் நிலத்தையும் தாங்கும் ஆற்றல் இக்குலத்திற்கே மிகுதி. குளிரோ இதற்குப் பகை.

எண்ணெய் எண்ணெய் என்று கூறுகின்றோமே, அதன் அளவு யாது? மேற்கிந்தியக் குலத்தில் பெரும்பாலும் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. மற்ற இரு குலங்களின் நல்ல பழங்களில் இருபதை எட்டும், கடக்கவும் செய்யும். கலிபோர்னியா மாநிலத்தில், முதிராத காயைப் பறித்து விற்று மக்களை ஏமாற்றுவதைத் தடுக்க, 8 விழுக்காடு எண்ணெயேனும் இருந்தால்தான் விற்கலாம் என்று 1925ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தனர். வெண்ணெய் போன்ற வழவழப்பு இந்த எண்ணெயால் வருவது. சர்க்கரை மிகச் சிறிதே. இக்கொழுப்பின் பெரும்பகுதி ஒலிவ எண்ணெயில் உள்ள வகையைச் சார்ந்தது. ஆதலின் மருத்துவர்கள் இதனை வெறுப்பதில்லை. ஆயினும் 100 கிராம் சதையில் ஏறத்தாழ 160 கலோரி உண்டு என்பதையும், அதனோடு பாலும் நான்கு கரண்டிச் சர்க்கரையும் சேர்த்து அரைத்துக் குடிப்பவர் பழத்தின் மேற் பழி போடக் கூடாது என்பதையும் இடையே சொல்லி வைக்கின்றோம்.

இனி, குலம் வேறு, வகை வேறு என்பதை விளக்க வேண்டும். குலம் என்பது பெருங்கூட்டம். வகை என்பதோ ஒரே ஒரு மரம். அந்த ஒரு மரத்தின் குச்சியை வெட்டி வேறு மரங்களின் மேல் ஒட்டுக் கட்டி, ஒட்டியதிலிருந்து மீண்டும் ஒட்டி, இலட்சக்கணக்காகப் பெருக்கியிருப்பர். உலகில் ஹாஸ் என்று விற்கப்படும் பழம் எந்நாட்டில் விளைந்ததாயினும், ஒரு தனிமனிதர் தோட்டத்தில் நின்ற ஒற்றை மரத்தின் பழமே ஆகும். அந்த மனிதரின் கதை நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்கள் கேட்க வேண்டிய கதை.

அதற்கு முன் ஃபுவெர்ட்டே என்னும் வகையைச் சொல்ல வேண்டும். 1911ஆம் ஆண்டில், கலிபோர்னியாவின் நாற்றுப்பண்ணை ஒன்று கார்ல் ஷ்மிட் என்னும் இளைஞரை மெக்சிகோவுக்கு அனுப்பி, சந்தையில் நல்ல பழத்தைக் கண்டால் அதன் மரத்தைத் தேடிக் குச்சி வெட்டி வருமாறு பணித்தது. அட்லிக்ஸ்கோ என்னும் ஊரில் அவர் வெட்டிய குச்சிகளிலிருந்து வளர்ந்த கன்றுகள், 1913ஆம் ஆண்டின் கடும் உறைபனியைத் தாங்கி நின்றன; பிற கன்றுகள் பலவும் கருகின. ஆதலின் ஸ்பானிய மொழியில் வலியது என்று பொருள்படும் ஃபுவெர்ட்டே என்ற பெயர் அதற்கு வாய்த்தது. மெக்சிகோக் குலமும் குவாத்தமாலாக் குலமும் கலந்த பிறப்பு, பேரிக்காய் வடிவம், பழுத்தாலும் பச்சை நிறம் மாறாத தோல், எண்ணெய் மிகுந்த சதை. சுவையில் இதனை மிஞ்ச மற்றொன்று இல்லை என்பார் இன்றும் உளர். குறை யாதெனில் ஓராண்டு குலுங்கக் காய்த்தால் மறு ஆண்டு ஓய்வெடுத்துக்கொள்ளும். மெல்லிய தோல் எளிதிற் காயப்படும். ஆயினும் அரை நூற்றாண்டுக் காலம் கலிபோர்னியாவின் சந்தையில் இதுவே அரசு செலுத்தியது.

அக்காலத்தில் ருடால்ஃப் ஹாஸ் என்பவர் கலிபோர்னியாவின் பாசடேனா நகரில் தபால்காரர். வீடு வீடாகக் கடிதம் கொடுப்பது தொழில். 1920களில் லா ஹாப்ரா ஹைட்ஸ் என்னும் இடத்தில் ஒன்றரை ஏக்கர் அளவு நிலத்தை வாங்கி, ஃபுவெர்ட்டே ஒட்டுக் கட்டுவதற்காகக் கொட்டைகளை வாங்கி நட்டார். முளைத்த கன்றுகளில் ஒன்று மட்டும் எத்தனை முறை ஒட்டுக் கட்டியும் ஏற்கவில்லை. வெட்டி எறிய எண்ணியவரிடம், கன்று வலிவாக இருக்கிறதே, விட்டுவையுங்கள் என்று ஒட்டுக் கட்டியவரே கூறினாராம். மரம் காய்த்தது. காய் ஃபுவெர்ட்டே போல் இல்லை, தோல் கரடுமுரடு, பழுத்தால் கரிய நிறம். பார்ப்பதற்கு அழகில்லாத அப்பழத்தை உண்ட குழந்தைகள், இதுவே சுவை மிக்கது என்றனர். 1935ஆம் ஆண்டில் அவர் அதற்குத் தாவரக் காப்புரிமை பெற்றார்.

காப்புரிமையால் செல்வர் ஆனாரா எனின், இல்லை. தோட்டக்காரர்கள் ஒரு கன்றை விலைக்கு வாங்கி, அதன் குச்சிகளைத் தாமே வெட்டித் தோட்டம் முழுதும் ஒட்டிக்கொண்டனர். வாழ்நாள் முழுவதிலும் அவர் பெற்ற உரிமைத்தொகை ஏறத்தாழ 5,000 டாலர் என்பர். தபால் வேலையை அவர் விட்டுவிடவில்லை. 1952ஆம் ஆண்டில் காப்புரிமையின் காலம் முடிந்தது. அதே ஆண்டில் அவரும் மறைந்தார். இன்று உலகச் சந்தையில் விற்கும் வெண்ணெய்ப் பழங்களில் நூற்றுக்கு எண்பதளவு அந்தத் தபால்காரர் தோட்டத்து மரத்தின் வழிவந்தவை. தாய் மரம் வேரழுகல் நோயால் நலிந்து 2002ஆம் ஆண்டில் பட்டுப்போயிற்று. அதன் மரபணுவை 2019இல் ஆராய்ந்தவர்கள், அது நூற்றுக்கு 61 பங்கு மெக்சிகோக் குலமும் 39 பங்கு குவாத்தமாலாக் குலமும் கலந்தது என்று கண்டனர்.

ஹாஸ் உலகை வென்றதற்குச் சுவை மட்டும் காரணம் அன்று. பார்சல் எழுத்தர் என்ற முறையில் அதற்கு எமது சான்றிதழ் உண்டு. தோல் தடித்தது, அடுக்கினாலும் நசுங்குவதில்லை. காய் முதிர்ந்த பின்னும் பல திங்கள் மரத்திலேயே நிற்கும். விலை ஏறும் வரை காத்திருந்து பறிக்கலாம். பழுக்கும்போது பச்சை கறுப்பாக மாறுவதால், வாங்குவோர்க்குப் பதம் கண்ணாலேயே தெரியும். கரிய தோலில் அடிபட்ட தழும்பும் தெரிவதில்லை. இது விற்போர்க்கு நன்மை. தான்சானியாவிலிருந்தும் பெருவிலிருந்தும் கடல் கடந்து நம் கடைக்கு வந்து சேர்கிறதென்றால், இந்தப் பயண வலிமையே காரணம். நாம் கொடுக்கும் மிகுதி விலையில் கப்பற் கூலியும் குளிர்பதனக் கூலியும் அடங்கும் என்பதை மறத்தலாகாது.

ஏனைய வகைகளை விரைந்து சொல்லிவிடுவோம். ரீட் என்பது பந்து போல் உருண்டை, பெரியது, குவாத்தமாலாக் குலத்தின் தடித்த பச்சைத் தோல் உடையது. மரம் அகலாமல் நெட்டையாக வளர்வதால் இடம் குறைந்த தோட்டத்திற்கு ஏற்றது. பிங்கர்டன் நீண்ட கழுத்தும் சிறிய கொட்டையும் கொண்டு சதை மிகுந்தது. பேக்கன் குளிர் தாங்குவதிற் பெயர் பெற்றது, சுவை நடுத்தரம். பொல்லாக் என்பது மேற்கிந்தியக் குலத்துப் பெரும் பழம். அதன் ஒரு பழம் நம் குடும்பம் ஒன்றுக்கு ஒரு வேளைக்குப் போதும்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். இம்மரம் நம் நாட்டுக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பழனி மலையின் கீழ்ச்சரிவு, நீலகிரியின் குன்னூர்ப் பக்கம், வயநாடு, குடகு, வடக்கே சிக்கிம் ஆகிய இடங்களில் நன்கு வேரூன்றியது. குடகிலே காப்பித் தோட்டங்களுக்கு இடையிடையே நிழல் மரங்களோடு ஒன்றாய் நிற்கிறது. குடகு மாவட்டத்தில் இன்றளவும் இருப்புப் பாதை இல்லை. ஆதலின் பழமெல்லாம் லாரியிலேறி மலையிறங்குகிறது. நம் துறைக்கு அதில் வருவாய் இல்லை; என்ன செய்வது!

இம்மரங்களிற் பெரும்பாலானவை ஒட்டு அல்ல, கொட்டை போட்டு முளைத்தவை. கொட்டையில் முளைத்த ஒவ்வொரு மரமும் ஒரு தனிப் பிறவி. தாயைப் போல் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆதலினால்தான் ஒரே கூடையில் நீண்ட கழுத்துப் பழமும், உருண்டைப் பழமும், ஊதா நிறப் பழமும், பளபளக்கும் பச்சைப் பழமும் கலந்து வருகின்றன. ஒன்று நெய்யாய் உருகும், மற்றொன்று நீர்த்திருக்கும், மூன்றாவதில் நார் தட்டுப்படும். இதைக் கண்டு நாட்டுப் பழம் தரமற்றது என்று பேசுவோரை எம்மால் ஏற்க இயலாது. நாட்டுப் பழம் என்பது ஒரு பழம் அன்று. ஆயிரம் வேறு பழங்கள். அவற்றிற் கீழானதும் உண்டு, ஹாஸுக்கு நிகரானதும் உண்டு.

இதற்குச் சான்று வேண்டுமாயின், நம் தமிழ்நாட்டிலேயே கீழ்ப்பழனி மலையில் தடியன்குடிசை என்னும் ஊரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் உள்ளது. அங்கே தேர்ந்தெடுத்து வெளியிட்ட டி.கே.டி. 1 என்னும் வகை நடுத்தர அளவில் உருண்டையான பச்சைப் பழம் தருவது. அதன் கொழுப்பு ஏறத்தாழ 23 விழுக்காடு. இது ஹாஸுக்குச் சிறிதும் தாழ்ந்தது அன்று. இங்கே குடகில் செட்டள்ளியிலுள்ள மத்தியத் தோட்டக்கலை ஆய்வு நிலையம் அர்கா சுப்ரீம், அர்கா கூர்க் ரவி என்னும் இரு வகைகளை வெளியிட்டுள்ளது. இவையெல்லாம் பெயரில்லாத மரங்களிடையே நல்லதைத் தேடி, பெயர் சூட்டி எடுத்தவையே. ஹாஸும் அவ்வாறே பெயரில்லாக் கொட்டையிலிருந்து வந்ததன்றோ?

இங்கே எமது கவலை ஒன்றைக் கூற வேண்டும். அண்மை ஆண்டுகளில் நம் நாட்டிலும் ஹாஸ் ஒட்டுக்கன்று நடும் ஆர்வம் பெருகி வருகிறது. நடுவதில் தவறு இல்லை. விலை கிடைக்கும் பயிரை உழவர் நடத்தான் செய்வர். ஆனால் அதற்கு இடம் செய்யக் காப்பித் தோட்டத்து முதிய மரங்களை, காய்க்கும் பழத்தைச் சுவைத்துப் பாராமலே வெட்டுவார்களாயின், அவற்றுள் எத்தனை ஹாஸ்கள் அழியுமோ? உலகத்துத் தோட்டமெல்லாம் ஒரே மரத்தின் கிளையாக இருப்பதில் இடரும் உண்டு. ஒரு நோய்க்கு அம்மரம் எளிதில் ஆட்படும் என்றால், அதன் வழிவந்த அத்தனை மரங்களும் அதே எளிமையோடுதான் நிற்கும். பலவாறான மரங்கள் இருக்கும் இடத்திலேதான் தாங்கும் மரம் ஒன்றைத் தேடி எடுக்கவும் இயலும்.

அப்படியானால் சன்னல் தம்ளரில் முளைத்திருக்கும் கொட்டையை நடலாமா? சிறார்கள் ஆவலோடு கேட்பது தெரிகிறது. நடலாம், ஆனால் கணக்குப் பார்த்து நடுங்கள். கொட்டையிலிருந்து வளரும் மரம் காய்க்க ஆறு, எட்டு, சில வேளை பத்தாண்டுக்கு மேலும் ஆகும். காய்த்த பின்னரே அது நெய்யா, நீரா என்பது தெரியும். ஒட்டுக்கன்றோ மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும்; காய் எப்படி இருக்கும் என்பதும் முன்னரே தெரிந்தது. நமக்கு நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றல். இன்று எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளை கொட்டையை நட்டால், அது காய்க்கும் நாளில் தந்தை ஹூப்ளியிலோ குண்டக்கல்லிலோ இருப்பார்; பிள்ளை வேலை தேடி எங்கோ இருப்பான்; குவார்ட்டர்ஸில் வேறொருவர் பழம் பறிப்பார். அதில் மகிழ்ச்சி கொள்ளும் பெருந்தன்மை உடையோர் கொட்டையை நடுக. நட்டவரே உண்ண வேண்டுமாயின் ஒட்டையே நட வேண்டும்.

எத்தனை கன்று என்பதற்கும் விடை உண்டு. இம்மரத்தின் பூவில் ஒரு விந்தை உளது. ஒவ்வொரு பூவும் இரு முறை மலரும்: முதன்முறை பெண்ணாக, மூடி மறுமுறை திறக்கும்போது ஆணாக. ஹாஸ், ரீட் முதலான ஒரு கூட்டம் காலையில் பெண்ணாக மலர்ந்து, மறுநாள் பிற்பகலில் ஆணாகத் திறக்கும். ஃபுவெர்ட்டே, பேக்கன் முதலான மற்றொரு கூட்டம் பிற்பகலில் பெண்ணாக மலர்ந்து, மறுநாள் காலையில் ஆணாகத் திறக்கும். நம் துறையின் மொழியிற் சொன்னால், காலை ஷிப்டும் பிற்பகல் ஷிப்டும் மாறி மாறிப் பணி ஏற்பதுபோல. இரு கூட்டத்திலும் ஒவ்வொரு மரம் அருகருகே நின்றால் தேனீக்கள் மகரந்தத்தை உரிய வேளையில் கொண்டு சேர்க்கும், காய்ப்பு மிகும். தட்பவெப்பம் மாறும்போது இந்த நேரக் கணக்குச் சிறிது பிறழும். ஆதலின் தனி மரமும் காய்ப்பதுண்டு. இருந்தாலும் இரண்டு இருப்பதே நன்று. நாற்றுப்பண்ணையில் வாங்கும்போது வகையின் பெயரோடு, அது எந்தக் கூட்டம் என்பதையும் கேட்டு வாங்க வேண்டும்.

இடமும் பார்க்க வேண்டும். இம்மரத்தின் வேர் ஆழமாகச் செல்வதில்லை. தேங்கிய நீரில் நின்றால் வேர் அழுகும். ஹாஸின் தாய் மரத்தையே கொன்ற நோய் அது. சங்கக் கூடத்தின் பின்புறத்தில், குழாயடி நீர் வந்து தேங்கும் கிழக்கு மூலையைச் செயற்குழுவினர் சிலர் விரும்புவதாகக் கேள்வி. நீர் ஊற்றும் வேலை மிச்சம் என்பது அவர்தம் எண்ணம். அவ்விடம் வாழைக்கு ஏற்றது. வெண்ணெய்ப் பழத்திற்கு ஆகாது. மேற்கே மதிலை ஒட்டிய மேட்டில் மண்ணை இன்னும் ஓர் அடி உயர்த்தி நடுதல் வேண்டும். அடியில் சருகு பரப்ப வேண்டும். இளங்கன்றின் தண்டு வெயிலிற் கருகாதபடி முதல் இரண்டு கோடைக்கு ஓலை மறைப்பும் வேண்டும்.

தாய்மார்களுக்குச் சில சொற்கள். இப்பழம் மரத்திற் பழுப்பதில்லை; பறித்த பின்னரே பழுக்கும். ஆகவே கல் போன்ற காயை விற்றார் என்று கடைக்காரரோடு சண்டையிட வேண்டா. நான்கு முதல் பத்து நாளுக்குள் பழுக்கும். விரைவு வேண்டுமாயின் வாழைப்பழத்தோடு தாள் பையில் கட்டி வையுங்கள். பழுக்காத காயைக் குளிர்பெட்டியில் வைத்தால் பின்னர் ஒழுங்காகப் பழுக்காது; பழுத்ததை இரண்டு மூன்று நாள் வைக்கலாம். பச்சை நிறம் மாறாத வகைகளில் பதம் அறிய, காம்பின் அருகே மெல்லத் தொட்டுப் பாருங்கள். கட்டைவிரலால் அமுக்குவோரால் கடையில் பாதிப் பழம் கெடுகிறது. அறுத்த சதை கறுக்காதிருக்க எலுமிச்சைச் சாறு தடவலாம். நெடுநேரம் அடுப்பில் வைத்தால் கசக்கும். ஆதலின் பருப்போ கூட்டோ இறக்கிய பின்னர் மசித்துச் சேர்ப்பது நலம். நீர்த்த பெரும்பழம் பாலோடு அரைக்க ஏற்றது. எண்ணெய் மிகுந்தது உப்பும் மிளகும் வெங்காயமும் சேர்த்துச் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள ஏற்றது. இரண்டுக்கும் ஒன்றையே வாங்குவதால்தான் ஏமாற்றம் வருகிறது.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. காலனியில் சில வீடுகளில் கூண்டுப் பறவைகள் வளர்க்கின்றனர். பின்வரிசையில் ஆடுகளும் உண்டு. இப்பழமும், சிறப்பாக இதன் இலையும் பறவைகளுக்கும் ஆடு முயல்களுக்கும் நஞ்சு. மிஞ்சியதைக் கூண்டில் இட வேண்டா; கவாத்து செய்த கிளையை ஆட்டுக்குப் போட வேண்டா. சங்கத்தின் கன்றுகளைச் சுற்றி வேலி அடைப்பது கன்றுக்கு மட்டும் அன்று, ஆட்டுக்கும் காவல்.

ஆகவே செயற்குழுவுக்கு எமது வேண்டுகோள்: டி.கே.டி. 1, அர்கா வகைகள், ஹாஸ் ஆகியவற்றுள் பூக்கும் வேளை மாறுபடும் இரண்டினைத் தேர்ந்து ஒட்டுக்கன்றாக மேற்கு மேட்டில் நடுக. ஹாஸ் கடுங்கோடையில் சற்றுத் துன்புறும்; மலைச்சரிவில் தேர்ந்த நம் வகைகளுக்கே யாம் முதலிடம் தருவோம். மதிலின் கோடியில் மூன்றாவதாக ஒரு குழியை மட்டும் சிறாரின் தம்ளர்க் கன்றுக்கு ஒதுக்குக. அது என்ன பழம் தரும் என்று இன்று எவராலும் கூற இயலாது.

கூட்டம் முடிந்ததும் மேசையிலுள்ள ஐந்து பழங்களையும் அறுத்துத் தருவோம். இரண்டு குடகு, ஒன்று கொடைக்கானற் பக்கத்தது, ஒன்று வயநாடு, ஒன்று தான்சானியாவிலிருந்து வந்த ஹாஸ். எது எது என்று சொல்லப் போவதில்லை. உப்பு மட்டும் தொட்டுச் சுவைத்து, சிறந்தது எதுவெனத் தாளில் எழுதிச் செயலாளரிடம் கொடுங்கள். கொட்டைகளை எறியாமல் ஈரத்துணியிற் சுற்றி எம்மிடம் சேர்க்க வேண்டுகிறோம். உலர்ந்துவிட்டால் அவை முளைக்கும் திறனை இழக்கும்.